மூளைக்குள் ஒரு புறநிழல்

இன்று இரவு, எரியும் ட்யூப்லைட்டுக்குக் கீழே கையை நீட்டுங்கள். மேசையில் விழும் நிழலின் நடுவில் நல்ல இருட்டு. சுற்றிலும் மங்கலாக ஒரு விளிம்பு. நடுவில் இருப்பது கருநிழல், ஓரத்தில் இருப்பது புறநிழல். கிரகணப் பாடத்தில் படித்த அதே பெயர்கள்தான். மூளைக்குள்ளும் ஒரு புறநிழல் உண்டு. ஆஸ்ட்ரப் என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்கள் இருவரும் 1981இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்த தாத்தாவுக்குத் திடீரென்று வாய் கோணுகிறது, வலது கை தொங்கிவிடுகிறது. பெரும்பாலும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டிருக்கும். இதுதான் பக்கவாதம்.

வாய்க்காலில் மண் சரிந்து அடைத்துக்கொண்டால் வயல் முழுவதும் ஒரே நேரத்தில் காய்ந்துவிடுமா? நடுவே ஒரு பகுதி கருகும். ஓரங்களில், பக்கத்து வாய்க்காலிலிருந்து கசியும் நீரில் பயிர் வாடி நிற்கும். ஆனால் உயிர் இருக்கும். மூளையிலும் அப்படித்தான். கருநிழலில் உள்ள செல்கள் இறந்துவிட்டன. புறநிழலில் உள்ளவை வேலையை நிறுத்திவிட்டு, ரத்தத்துக்காகக் காத்திருக்கின்றன. இரண்டில் எது நடந்திருந்தாலும் கை தூக்க வராது! வெளியிலிருந்து பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்குத்தான் ஸ்கேன். கையில் உள்ள ரத்தக்குழாயில் அயோடின் கலந்த மருந்தை ஏற்றி, மூளையைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறார்கள். மருந்து தாமதமாக வந்து சேரும் இடம் வாடிய பயிர். ரத்த ஓட்டம் மிகக் குறைந்துபோன இடம் கருகிய பயிர். கம்ப்யூட்டர் இரண்டையும் தனித்தனி நிறத்தில் காட்டிவிடும்.

தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சை உண்டு. 6 மணி நேரம் கடந்தால் பயனில்லை என்றே பல காலம் எண்ணினார்கள். அமெரிக்காவில் நடந்து 2018இல் வெளியான 'டிஃப்யூஸ் 3' ஆய்வு, கடிகாரத்தோடு படத்தையும் பார்த்தது. கருகிய பகுதி 70 மில்லிலிட்டருக்குள், அதாவது ஒரு சின்ன டம்ளர் காபி அளவுக்குள், இருக்க வேண்டும். சுற்றிலும் வாடிய பகுதி நிறைய இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு 6 முதல் 16 மணி நேரத்துக்குள் கட்டியை எடுத்தார்கள். 90 நாள் கழித்து, தம் வேலைகளைத் தாமே செய்துகொண்டவர்கள் 100க்கு 45 பேர். மருந்து மட்டும் பெற்றவர்களில் 17 பேர்தான்.

அதற்காக ஆற அமரப் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய குழாய் அடைத்தால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் இறக்கின்றன என்பது ஒரு கணக்கு.

படம் நம்பிக்கை தராவிட்டால்? ஜப்பானிய மருத்துவர்கள் அதையும் விடவில்லை. கருநிழல் பெரிதாக இருந்தவர்களையே தேர்ந்தெடுத்துக் கட்டியை எடுத்துப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது. பிறர் துணையில்லாமல் நடக்க முடிந்தவர்கள் மருந்து மட்டும் பெற்றவர்களில் 100க்கு 13 பேர். கட்டி எடுக்கப்பட்டவர்களில் 31 பேர்.