மாதிரிப் படகிற்குப் புகைக் கருவி செய்யும் முறை

மரத்தினாலும் தகரத்தினாலும் நீராவிக் கப்பலைப் போன்ற சிறு படகுகளைச் செய்து, பாட்டரியின் உதவியால் நீரில் ஓட்டுவது பல தேசங்களிலும் பரவியுள்ள பொழுதுபோக்கு. லண்டன் கென்ஸிங்டன் தோட்டத்திலுள்ள வட்டக் குளத்தில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே மாதிரிப் படகுகள் மிதந்து வந்திருக்கின்றன. படகு எத்துணை நேர்த்தியாயிருப்பினும், புகைபோக்கியிலிருந்து புகை எழாவிடில் அது உயிரற்றதாகவே தோன்றும். அப்புகையை எழுப்பும் கருவியை வீட்டிலேயே செய்து கொள்ளலாம். ஆயினும் எண்ணெய், சூடு, மின்சாரம் ஆகிய மூன்றும் ஒரே சிமிழில் கூடுவதால், அதன் தத்துவத்தை அறியாமல் செய்தல் ஆபத்தாகும்.

முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது யாதெனில், இக்கருவியில் வருவது புகையன்று என்பதே. எண்ணெய் எரிவதில்லை, சூட்டினால் ஆவியாகி, வெளிக்காற்றில் குளிர்ந்து, மிக நுண்ணிய துளிகளாகி வெண்மையாகத் தோன்றுகிறது. குளிர்காலத்தில் நாம் விடும் மூச்சு வெண்மையாகத் தெரிவது போன்றதே இது. ஆகவே எண்ணெய் ஆவியாக வேண்டும், தீப்பற்றலாகாது. கீழ்க்கண்ட விதிகள் யாவும் இவ்வொன்றிலிருந்தே பிறப்பன.

எண்ணெய்: மருந்துக் கடையில் விற்கும் வாசனையற்ற லிக்விட் பாரபின் ஏற்றது. மண்ணெண்ணெயின் ஆவி சுமார் 40 டிகிரி சென்டிகிரேடு சூட்டிலேயே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பெட்ரோலோ அதனினும் கொடியது. இவ்விரண்டையும் கருவியின் அருகிலும் கொண்டு வரலாகாது. தேங்காய் எண்ணெய் முதலிய தாவர எண்ணெய்கள் அதிகச் சூட்டில் சிதைந்து, கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் ஆவியைத் தருவதோடு, கம்பியின் மேல் பிசினாகப் படியும். அவையும் உதவா.

கம்பி: நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பியே வேண்டும். ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906-ல் இவ்வகைக் கலப்பு உலோகத்திற்குப் பேடண்ட் உரிமை பெற்றார். மின்சார இஸ்திரிப் பெட்டியிலும் அடுப்பிலும் சூடேறுவது இதன் இனமே. கால் மில்லிமீட்டர் கனமுள்ள நிக்ரோம் கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 22 ஓம் தடை தரும். ஆதலால் 22 சென்டிமீட்டர் நீளத்திற்கு ஏறக்குறைய 5 ஓம் ஆகும். 6 வோல்ட் பாட்டரியில் இணைத்தால் 1.2 ஆம்பியர் ஓடி, 7 வாட்டுக்குச் சற்று மேற்பட்ட சூடு கிடைக்கும். இது போதுமானது.

செய்முறை: 5 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள பித்தளைச் சிமிழ் ஒன்றை எடுத்துக் கொள்க. 3 மில்லிமீட்டர் கனமுள்ள பேக்லைட் தகட்டை அதற்கு மூடியாக்குக. மூடியில் 3 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு பித்தளைத் திருகாணிகளை, அவை உட்புறம் 2 சென்டிமீட்டர் தொங்குமாறு பொருத்துக. 4 மில்லிமீட்டர் தடிப்பும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள கண்ணாடி நார்த் திரியின் நடுப்பகுதியில் கம்பியைச் சுமார் 15 சுற்றுகள் சுற்றுக. ஒரு சுற்று மற்றொன்றைத் தொடலாகாது. தொட்டால் தடை குறைந்து சூடு மிகும். பருத்தித் திரி கருகிவிடுமாதலால் அதனைத் தவிர்க்க. கம்பியின் இரு முனைகளையும் திருகாணிகளில் மரையிட்டு இறுக்குக. ஈயப்பற்று நிக்ரோமில் செவ்வனே ஒட்டாது. சூட்டில் உருகியும் விடும். திரியின் இரு நுனிகளும் கீழே தொங்கி எண்ணெயில் தோய வேண்டும். எண்ணெய் 1 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். கம்பி அதற்கு மேலேயே நிற்க வேண்டும்.

மூடியில் மற்றொரு துவாரமிட்டு, புகைபோக்கிக் குழாயைப் பொருத்துக. எண்ணெய் மட்டத்திற்கு மேலே சிமிழின் பக்கத்தில் ஒரு சிறு குழாயைச் செருகி, அதன் வழியே சிறு மின்விசிறியால் காற்றை ஊதச் செய்க. காற்றில்லாவிடில் ஆவி உள்ளேயே குளிர்ந்து எண்ணெயாகச் சொட்டும். விசிறியை முதலில் ஓட்டிப் பின்னரே கம்பியைச் சூடாக்குக. நிறுத்தும்பொழுது கம்பியை முதலிலும் விசிறியை ஈற்றிலும் நிறுத்துக. கம்பிக்குச் செல்லும் வழியில் 2 ஆம்பியர் பியூஸும் ஒரு ஸ்விட்சும் இன்றியமையாதன. பாட்டரியைச் சிமிழுக்கு அப்பால் வைக்க. லிதியம் பாட்டரியாயின் சூடு படுவது பேராபத்து.

சோதனை: படகில் வைக்குமுன் திறந்த வெளியில், மணல் பரப்பிய தட்டின் மேல் சோதிக்க. திரி முழுதும் எண்ணெயில் ஊறிய பின், முதலில் 3 வோல்ட்டும், பின்னர் 6 வோல்ட்டும் கொடுத்துப் பார்க்க. கம்பி சிவந்தால் உடனே நிறுத்தி, அதன் நீளத்தைக் கூட்டுக. எண்ணெய் எத்தனை நிமிஷத்தில் பாதியாகக் குறைகிறது என்பதைக் கடிகாரத்தால் அளந்து குறித்துக் கொள்க. நீரில் விட்டபின் அந்நேரத்திற்கு மேல் புகையை ஓட்டலாகாது; ஏனெனில் திரி உலர்ந்தால் கம்பி சிவக்கும், சிவந்த கம்பியே தீக்கு வித்து.

எண்ணெய்த் துளிகளைச் சுவாசித்தல் நுரையீரலுக்குத் தீங்கு. ஆகையால் அறைக்குள் ஓட்டுவதும், புகைபோக்கியின் மேல் குனிந்து பார்ப்பதும் கூடா. சிந்தும் எண்ணெய் நீர்மேல் படலமாகப் பரவுமாதலால், ஜனங்களும் கால்நடைகளும் குடிக்கும் குளத்தில் இப்படகை விடாதிருப்பதே முறை.

சிறு பிள்ளைகளுக்கு இதனினும் தகுந்தது தண்ணீரைக் கொண்டே பனி எழுப்பும் கருவி. விநாடிக்குச் சுமார் 17 லட்சம் தடவை அதிரும் சிறு வில்லை ஒன்று நீரைத் துளிகளாகச் சிதறச் செய்கிறது. எண்ணெயுமில்லை, சூடான கம்பியுமில்லை. அப்பனி கனத்துத் தாழ்வதால் இதற்கும் விசிறி வேண்டும்.

இறுதியாக ஒன்று. நடுக்குளத்தில் படகு தீப்பற்றுமாயின், அதனைக் காக்கப் பிள்ளைகள் எவரும் நீரில் இறங்கலாகாது என்பதைப் பெரியோர் முன்கூட்டியே கண்டிப்பாய்ச் சொல்லி வைக்க வேண்டும். எரிந்த படகை மீண்டும் செய்து கொள்ளலாம்.