பூட் ஆகாத கார்: எலக்ட்ரிக் காரை ஜம்ப் ஸ்டார்ட் செய்வது எப்படி?

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரும் வாசலில் நிற்கும் எலக்ட்ரிக் காரும் ஏறக்குறைய ஒரே முறையில்தான் கண் விழிக்கின்றன. இதை நான் ஒரு விடிகாலையில், கொஞ்சம் பதற்றத்தோடு கற்றுக் கொண்டேன்.

அன்று அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. காலை 7 மணிக்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். 5 மணிக்கு வாசலுக்கு வந்து ரிமோட்டை அழுத்தினேன். கதவு திறக்கவில்லை. ரிமோட்டின் உள்ளே இருக்கும் சாதாரணச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். பட்டனை அழுத்தினால் டிஸ்பிளேயில் வெளிச்சமே இல்லை. "டிக் டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. முதல் நாள்தான் மொபைல் போனில் பார்த்திருந்தேன், பேட்டரி 82 சதவீதம் இருந்தது. 82 சதவீதம் இருந்தும் கார் ஏன் எழவில்லை?

இரண்டு பேட்டரிகள்

எலக்ட்ரிக் காரில் இரண்டு பேட்டரிகள் உண்டு. ஒன்று, காரின் அடித்தளத்தில் இருக்கும் பெரிய லித்தியம் பேட்டரி. காரை ஓட்டுவது இதுதான். பல கார்களில் இதன் அழுத்தம் 300 முதல் 400 வோல்ட் வரை இருக்கும். சில மாடல்களில் 800 வோல்ட் அளவிற்குச் செல்கிறது. மற்றொன்று, பெட்ரோல் காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் பேட்டரி. கதவுப் பூட்டு, டிஸ்பிளே, விளக்குகள், காருக்குள் இருக்கும் பல சிறிய கம்ப்யூட்டர்கள் ஆகிய அனைத்தும் இதில்தான் இயங்குகின்றன.

காரை நிறுத்தியவுடன் பெரிய பேட்டரி, பாதுகாப்பிற்காக, மற்ற பாகங்களில் இருந்து துண்டிக்கப்படுகிறது. இந்த வேலையைச் செய்வது கான்டாக்டர் எனப்படும் பெரிய ரிலே சுவிட்சுகள். இவற்றை மீண்டும் இணைக்க 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். அது இல்லை என்றால், பெரிய பேட்டரி முழுவதும் நிறைந்திருந்தாலும் பயன் இல்லை. பல கார்களில் சார்ஜரைச் செருகினாலும் சார்ஜ் ஏறாது. சார்ஜருடன் பேச வேண்டிய கம்ப்யூட்டருக்கே மின்சாரம் இல்லையே!

உங்கள் கம்ப்யூட்டரை நினைத்துப் பாருங்கள். ஷட் டவுன் செய்த பிறகும், பிளக்கில் மின்சாரம் இருக்கும் வரை, எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டிற்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் தந்து கொண்டே இருக்கும். நீங்கள் பவர் பட்டனை அழுத்தும்போது 230 வோல்ட்டை நேரடியாக ஆன் செய்வதில்லை. இந்த 5 வோல்ட்டில் விழித்திருக்கும் மதர்போர்டு, "முழு சப்ளையையும் கொடு" என்று எஸ்.எம்.பி.எஸ்.க்குச் சொல்கிறது. அந்த 5 வோல்ட் பழுதானால், சுவர் பிளக்கில் 230 வோல்ட் இருந்தும் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. காரில் அந்த 5 வோல்ட்டின் வேலையைத்தான் 12 வோல்ட் பேட்டரி செய்கிறது.

எந்த பேட்டரி காலி?

முதலில் இதை உறுதி செய்திட வேண்டும். டிஸ்பிளே ஒளிர்ந்து, சார்ஜ் 0 சதவீதம் என்று காட்டினால் தீர்ந்தது பெரிய பேட்டரி. அதற்கு ஜம்ப் ஸ்டார்ட் என்ற வழியே கிடையாது. சார்ஜ் செய்திட வேண்டும், அல்லது காரை மேலே ஏற்றிச் செல்லும் வண்டியை அழைக்க வேண்டும். கயிறு கட்டி இழுக்காதீர்கள். சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாகிப் பாகங்கள் பழுதாகலாம்.

ரிமோட் வேலை செய்யவில்லை, டிஸ்பிளே இருட்டு, டிக் டிக் சத்தம் என்றால் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிதான் காரணம். மல்டிமீட்டர் இருந்தால் சோதிக்கலாம். நல்ல நிலையில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். என் பேட்டரி காட்டியது 7.8 வோல்ட்.

லாரியில் இருந்து எடுக்கலாமா?

நான் பானெட்டைத் திறந்து நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டு லாரிக்காரர் வந்தார். "தம்பி, நம்ம வண்டியை இங்க கொண்டாந்து ஒயர் போட்டா ஒரு நிமிஷத்துல எழுந்துடும்" என்றார். மணி 5.20. கேபிளைக் கையில் வாங்கிவிட்டேன். அப்போதுதான் பேட்டரியின் மேல் 12 வோல்ட் என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது. "அண்ணே, லாரி 24 வோல்ட் ஆச்சே?" என்றேன். "ரெண்டு பேட்டரி இருக்கு, ஒண்ணுல மட்டும் எடுத்துக்கலாம்" என்றார்.

அவர் சொன்னது கணக்கில் சரிதான். லாரிகளிலும் பஸ்களிலும் பொதுவாக இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். ஆனால் அரை இருட்டில், அவசரத்தில், ஒரு கிளிப் இடம் மாறினால் 24 வோல்ட் முழுவதும் என் காரின் கம்ப்யூட்டர்களுக்குள் போயிருக்கும். 5 வோல்ட் யு.எஸ்.பி. சாதனத்திற்கு 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் என்ன ஆகும்? அதே கதைதான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆட்டோவை அழைத்தேன். "கார் எங்கே ஓடிவிடப் போகுது, வா" என்றார் அம்மா. சரியான நேரத்திற்குப் போய்ச் சேர்ந்தோம். சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில், காரின் கையேட்டை முழுவதும் படித்த பின்னரே வேலையைத் தொடங்கினேன்.

தொடங்கும் முன்

கையேட்டைப் பாருங்கள். பேட்டரி எல்லாக் கார்களிலும் பானெட்டிற்குள் இருப்பதில்லை. சிலவற்றில் டிக்கியில் இருக்கும். எல்லாமே 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியும் அல்ல. டெஸ்லா 2021 முதல் சிறிய பேட்டரியையும் லித்தியமாக மாற்றத் தொடங்கியது. அதன் சைபர்டிரக்கில் 48 வோல்ட் அமைப்பு உள்ளது. உங்கள் காரில் இருப்பது லித்தியம் என்றால் சர்வீஸ் சென்டரை அழைப்பதே நல்லது. பேட்டரி உப்பியிருந்தாலோ, வெடிப்பு அல்லது கசிவு இருந்தாலோ, கார் வெள்ளத்தில் நின்றிருந்தாலோ தொடவே வேண்டாம்.

கார் பார்க்கிங் நிலையில், ஹேண்ட் பிரேக் போட்டு இருக்க வேண்டும். விளக்கு, ஏ.சி. அனைத்தையும் ஆஃப் செய்திடுங்கள். சார்ஜர் கேபிளைக் கழற்றிவிடுங்கள். மோதிரம், கை செயின், கடிகாரம் வேண்டாம். சாவி சட்டைப் பையில் இருக்கட்டும். மின்சாரம் வந்தவுடன் கதவுகள் தானாகப் பூட்டிக் கொள்ளலாம்.

இணைக்கும் முறை

பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எலக்ட்ரிக் காரில் அந்த மோட்டாரே இல்லை. கம்ப்யூட்டர்களை எழுப்பி, கான்டாக்டரை இணைக்கும் அளவு மின்சாரம் போதும். எனவே 12 வோல்ட் ஜம்ப் ஸ்டார்ட்டர் பேக் ஒன்றே போதுமானது. நண்பரிடம் இரவல் வாங்கி நான் பயன்படுத்தியதும் அதுதான்.

1. பேக் ஆஃப் நிலையில் இருக்கையில், சிவப்பு கிளிப்பை பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் மாட்டுங்கள்.

2. கருப்பு கிளிப்பை, கையேடு காட்டும் எர்த் இடத்தில், அதாவது பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள். லெட் ஆசிட் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரலாம். கடைசி இணைப்பில் பொறி பறந்தால், அது பேட்டரிக்கு அருகில் இருக்கக் கூடாது. அதனால்தான் இந்த வரிசை.

3. பாசிட்டிவ், நெகட்டிவ் சரிதானா என்று மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, பேக்கை ஆன் செய்திடுங்கள். சில நிமிடங்கள் பொறுங்கள்.

4. பிரேக்கை மிதித்து பவர் பட்டனை அழுத்துங்கள். டிஸ்பிளேயில் "ரெடி" என்று வர வேண்டும். இப்போது பெரிய பேட்டரி இணைந்துவிட்டது. டிசி-டிசி கன்வர்ட்டர் என்ற சாதனம், அதன் மின்சாரத்தைக் குறைத்துச் சிறிய பேட்டரிக்கு ஏற்றத் தொடங்கும்.

5. பேக்கை ஆஃப் செய்து, முதலில் கருப்பு, பிறகு சிவப்பு என்று கழற்றுங்கள்.

பேக் இல்லாமல் ஒரு பெட்ரோல் காரில் இருந்து எடுப்பதானால், அதுவும் 12 வோல்ட் காராக இருக்க வேண்டும். சிவப்பு கேபிளை முதலில் உங்கள் பாசிட்டிவ், பிறகு அந்தக் காரின் பாசிட்டிவ். கருப்பு கேபிளை அந்தக் காரின் நெகட்டிவ், கடைசியாக உங்கள் காரின் எர்த் இடம் என இணைத்திட வேண்டும். கழற்றுவது இதற்கு நேர் எதிர் வரிசையில். இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

செய்யவே கூடாதவை

ஆரஞ்சு நிறக் கேபிள்களையும் அவை செல்லும் பெட்டிகளையும் தொடாதீர்கள். அவை பெரிய பேட்டரியின் வழி. உயிரைப் பறிக்கும் மின்சாரம் அதில் இருக்கிறது. உங்கள் எலக்ட்ரிக் காரில் இருந்து பெட்ரோல் காருக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள்; பல நிறுவனங்களின் கையேடுகள் இதைத் தடை செய்கின்றன. "ரெடி" நிலையில் கார் சத்தமே இல்லாமல் நிற்கும். குழந்தைகளை உள்ளே விட்டு நகராதீர்கள். பெடலை மிதித்தால் நகரக் கூடும்.

மீண்டும் நேராமல் இருக்க

என் காரில் குற்றவாளி யார் தெரியுமா? நான்தான். காரின் தகவல்களை மொபைலில் பார்க்கும் ஆசையில் ஓபிடி போர்ட்டில் ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகி, மூன்று வாரம் கழற்றாமல் விட்டிருந்தேன். காரின் கம்ப்யூட்டர்கள் தூங்க முடியாமல் 12 வோல்ட்டைக் குடித்துக் கொண்டே இருந்திருக்கின்றன. போன் அப்ளிகேஷனில் அடிக்கடி எட்டிப் பார்ப்பதும் இப்படித்தான் காரை எழுப்பும்.

எனவே வெளிச் சாதனங்களைக் கழற்றி வையுங்கள். நீண்ட நாள் நிறுத்துவதானால் கையேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒரு முறை ஜம்ப் செய்த பேட்டரியைக் கடையில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். முழுவதும் தீர்ந்து போகும் ஒவ்வொரு முறையும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் குறையும். நான் புதியதே மாற்றிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, அம்மாவை மறு பரிசோதனைக்கு அதே காரில் அழைத்துச் சென்றேன். ஏறும் முன் அம்மா கேட்டார்: "சின்ன பேட்டரி நல்லா இருக்கா?"