சேய்மை மருத்துவம்

நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என மருத்துவம் நான்கு உறுப்புகளை உடையது என்று வகுத்தார் திருவள்ளுவர். இந்நான்கும் ஓரிடத்தில் கூடினாலன்றி மருத்துவம் நிகழாதென்றே மக்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். இக்காலத்திலோ, மருத்துவர் ஓரிடத்தும் நோயாளர் வேறோரிடத்தும் இருந்து, காணொளி வாயிலாக ஒருவரையொருவர் கண்டு உரையாடுகின்றனர். இதுவே சேய்மை மருத்துவம்.

மூளையில் புற்றுநோய் உற்றார்க்கு இம்முறை பெரிதும் பயன்படும். அவருள் பலர்க்கு வலிப்பு வரும். சிலர்க்கு ஒருபக்கத்துக் கையும் காலும் தளரும். சிலர்க்குப் பேச்சும் நினைவும் குன்றும். இத்தகையோர் தாம்பரத்திலிருந்து சென்னை அரசு பொது மருத்துவமனைக்குச் செல்வதாயின், நெரிசல் மிக்க மின்தொடர் வண்டியில் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டும். சிறிது நேர உரையாடலுக்காக ஒரு பகல் கழியும். உடன்வருவோர் அன்றைய கூலியையும் இழப்பர்.

இம்முறை நம் நாட்டிற்கு முற்றிலும் புதிதன்று. 2000ஆம் ஆண்டிலேயே ஆந்திர மாநிலத்து அரகொண்டா என்னும் சிற்றூரில் சேய்மை மருத்துவ நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. சென்னையைச் சேர்ந்த மூளை அறுவை மருத்துவர் கே. கணபதி இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். பெருந்தொற்றுப் பரவிய 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இதற்குரிய நெறிமுறைகள் வெளியிடப்பெற்றன. அடுத்த திங்களில், மக்கள் வீட்டிலிருந்தே மருத்துவரைக் காண, நடுவணரசின் ‘இ-சஞ்சீவனி’ வழிசெய்தது.

திரைவழியே மருத்துவர் எவற்றை அறிவார்? கண்களை மூடி இரு கைகளையும் முன்னே நீட்டுமாறு நோயாளரைப் பணிப்பார். ஒரு கை மெல்லத் தாழுமாயின் அப்பக்கத்தின் தளர்ச்சி புலனாகும். சிரிக்கச் சொல்லி முகத்தின் கோணலைக் காண்பார். பொருள்களின் பெயர்களைக் கேட்டுப் பேச்சின் தெளிவை ஆராய்வார். நடக்கச் செய்து நடையை நோக்குவார். முன்னரே எடுத்தனுப்பிய எம்.ஆர்.ஐ. படத்தையும் பார்த்து அறிவுரை கூறுவார்.

ஆயினும், இம்முறைக்கு எல்லை உண்டு. கண்ணின் உட்புறத்தை நோக்கி மூளையழுத்தத்தை உய்த்துணர்தலும், கருவியால் தட்டி நரம்பின் நிலையை அறிதலும் நேரிலேயே இயலும். போதைப்பொருட் சட்டத்திற்கு உட்பட்ட வலிநீக்கி மருந்துகளைத் திரைவழி எழுதித் தருதல் கூடாதென்பது நெறிமுறை. வலிப்பு ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடிப்பினும், கடுந்தலைவலியுடன் வாந்தி மிகினும், நினைவு மங்கினும் திரையை நாடுதல் தகாது. 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனை சேர்தல் வேண்டும்.

சேய்மை மருத்துவத்தில் நான்காம் உறுப்பாகிய பேணுவோனின் கடமை பெருகுகின்றது. வலிப்பு வந்த நாளையும் நேரத்தையும் குறித்து வைப்பவரும், உட்கொண்ட மருந்தைக் கணக்கிடுபவரும், கைப்பேசியை ஏந்தி நோயாளரின் நடையைக் காட்டுபவரும் அவரே. மருத்துவர்க்குச் சேய்மையிலுள்ள கண்ணும் கையும் அவரே ஆவார். பல இல்லங்களில் கைப்பேசியை நன்கு கையாளத் தெரிந்தவர் பள்ளி மாணவரே ஆதலின், அவர் பொறுமையோடும் அன்போடும் அப்பணியைச் செய்வாராயின், அதுவும் மருத்துவத்தின் ஒரு பகுதியே ஆகும்.