ரேம் வாங்கப் போகும் முன் கணினியைத் திறந்து பாருங்கள்

எங்கள் ஊரில் மாணவர்களுக்காக ஒரு சிறிய கணினி அறை இருக்கிறது. அதில் நான்கு பழைய டெஸ்க்டாப் கணினிகள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, தேர்வு முடிவு பார்ப்பது, தட்டச்சு பழகுவது எல்லாம் அங்கேதான். கடந்த ஆண்டு சேர்க்கை நேரத்தில் அவை நான்கும் நகர மறுத்தன. ஒரு விண்ணப்பப் படிவத்தின் அடுத்த பக்கம் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டதென்று இணையதளம் வெளியே தள்ளிவிடும். பிள்ளைகள் மீண்டும் முதலிலிருந்து நிரப்புவார்கள்.

"4 ஜிபி ரேம்தான் இருக்கிறது, 8 ஜிபி போட்டால் சரியாகிவிடும்" என்றார்கள். பெற்றோர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி, நான்கு 8 ஜிபி ரேம்கள் வாங்கி வந்தோம். கணினியைத் திறந்தபோதுதான் தெரிந்தது, அவை டிடிஆர்4, கணினிகளோ டிடிஆர்3. ஸ்லாட்டில் உட்காரவே இல்லை. உதவிக்கு வந்த தம்பி கொஞ்சம் அழுத்திப் பார்க்கலாமா என்றார். நல்லவேளையாகத் தடுத்துவிட்டோம். அழுத்தியிருந்தால் மதர்போர்டும் போயிருக்கும். கடையில் திருப்பிக் கொடுத்தபோது விலையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டுதான் மாற்றித் தந்தார்கள். அந்த நஷ்டத்தைப் பொறுப்பாளர்களாகிய நாமே பகிர்ந்துகொண்டோம். ஊர்ப் பணம் அமானிதம் அல்லவா?

கடைக்காரரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. நாம் "8 ஜிபி ரேம்" என்றோம், அவர் 8 ஜிபி ரேம் தந்தார். எந்த ரேம் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது நம் கணினியின் மதர்போர்டு. அதைக் கேட்காமல் கடைக்குப் போனதுதான் தவறு. அந்தத் தவறிலிருந்து கற்றுக்கொண்டதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

உண்மையிலேயே ரேம்தான் குறையா?

ரேம் என்பது நாம் எழுதும் மேசை. ஹார்டு டிஸ்க் என்பது பக்கத்தில் நிற்கும் அலமாரி. மேசை சிறியதாக இருந்தால், ஒரு புத்தகத்தை விரிக்க இன்னொன்றை அலமாரியில் வைத்துவிட்டு வர வேண்டும். ரேம் நிறைந்ததும் கணினி இதைத்தான் செய்கிறது. இப்போது தேவையில்லாததை ஹார்டு டிஸ்க்கில் எழுதி வைக்கிறது, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. ஹார்டு டிஸ்க் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது என்பதால் கணினி திணறுகிறது.

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமாகச் செய்யும் வேலைகளைத் திறந்து வைத்துக்கொண்டு 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் மெமரியைப் பாருங்கள். 85, 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் போதவில்லை. மெமரி பாதிதான் நிறைந்திருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால், ரேமுக்குச் செலவிடும் பணத்தை எஸ்எஸ்டி வாங்கச் செலவிடுவதே மேல். மெமரி, டிஸ்க் இரண்டும் நிறைந்திருந்தால் முதலில் ரேமைக் கவனியுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால், 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு ரேம் போட்டாலும் அது பயன்படாது. 64 பிட் பதிப்புக்கு மாறிய பிறகே கூடுதல் ரேம் வேலை செய்யும்.

தலைமுறை மாறினால் பொருந்தாது

டிடிஆர்3 ரேம்கள் 2007லும், டிடிஆர்4 2014லும் சந்தைக்கு வந்தன. டிடிஆர்5க்கான தரம் 2020ல் வெளியானது. ஒரு தலைமுறை ரேம் இன்னொரு தலைமுறை ஸ்லாட்டில் பொருந்தாது. ரேமின் கீழ் விளிம்பில் உள்ள வெட்டு ஒவ்வொரு தலைமுறையிலும் வேறு இடத்தில் இருக்கும். தவறானது உள்ளே போகக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

பின் எண்ணிக்கையை வைத்து ஏமாந்துவிடக் கூடாது. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள். ஆனாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று போகாது. மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4க்கு 1.2, டிடிஆர்5க்கு 1.1. டிடிஆர்3எல் என்று ஒரு வகை உண்டு, அது 1.35 வோல்ட்டில் இயங்கும். பொதுவாக அதை 1.5 வோல்ட் போர்டில் போடலாம். ஆனால் 1.35 மட்டுமே கேட்கும் போர்டில் சாதாரண டிடிஆர்3ஐப் போடக் கூடாது.

பிராசஸரின் வயதை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது. இன்டெல்லின் 12ஆம் தலைமுறைப் பிராசஸர் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். ஆனால் அது பொருத்தப்பட்டிருக்கும் போர்டு பொதுவாக ஏதேனும் ஒன்றுக்கான ஸ்லாட்டோடுதான் வரும். ஏஎம்டியில் ஏஎம்4 போர்டுகள் டிடிஆர்4க்கும், ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5க்கும் உரியவை.

லேப்டாப் ரேம் நீளத்தில் சிறியது, சாதாரண டெஸ்க்டாப்பில் பொருந்தாது. ஆனால் புத்தக அளவில் வரும் மினி டெஸ்க்டாப்கள் பலவற்றில் லேப்டாப் ரேம்தான் இருக்கும். திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உட்கார்ந்தாலும் வேலை செய்யாதவை

ஸ்லாட்டில் சரியாக உட்காரும் ரேம் கூட வேலை செய்யாமல் போகலாம். ஒவ்வொரு போர்டுக்கும் ஓர் உச்ச அளவு உண்டு. எங்கள் கணினிகளில் இருந்தது இன்டெல் எச்61 போர்டு. அதில் இரண்டே ஸ்லாட்கள், மொத்தம் 16 ஜிபி வரைதான் ஏற்கும்.

அதைவிடப் பழைய ஜி41 போர்டுகளில் இன்னொரு சிக்கல். அவற்றில் 4 ஜிபி டிடிஆர்3 ரேம் இயங்க வேண்டுமானால் இரு பக்கமும் சேர்த்து 16 சிப்புகள் கொண்டதாக இருக்க வேண்டும். பிற்காலத்தில் வந்த, 8 சிப்புகள் மட்டுமே கொண்ட 4 ஜிபி ரேமை அந்த போர்டு அடையாளம் காணாது. ரேமில் கோளாறு இருக்காது. அதில் உள்ள ஒவ்வொரு சிப்பின் கொள்ளளவும் அந்த போர்டுக்குப் புரியாத அளவில் இருக்கும், அவ்வளவுதான்.

மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் ரேம்களிலும் எச்சரிக்கை வேண்டும். சர்வர்களிலிருந்து கழற்றிய 'ரெஜிஸ்டர்டு' வகை ரேம்கள் வீட்டுக் கணினிகளில் இயங்காது. 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று விற்கப்படும் டிடிஆர்3 ரேம்கள் இன்டெல் போர்டுகளில் இயங்காது. விலை பாதியாக இருந்தால் காரணத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வேகம் எப்படிப் பொருந்துகிறது?

ரேமின் லேபிளில் டிடிஆர்3-1600 என்றோ பிசி3-12800 என்றோ இருக்கும். இரண்டும் ஒன்றுதான். 1600ஐ 8ஆல் பெருக்கினால் 12800. ஒரு நொடிக்கு எத்தனை மெகாபைட் கடத்த முடியும் என்பதே அந்தப் பெரிய எண். அதேபோல டிடிஆர்4-2400 என்பது பிசி4-19200.

வேகம் வேறுபட்ட இரண்டு ரேம்களைச் சேர்த்துப் போட்டால், இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும். பழையது 1333, புதியது 1600 என்றால் இரண்டும் 1333தான். இதனால் கெடுதல் இல்லை, ஆனால் கூடுதல் வேகத்துக்குக் கொடுத்த பணத்துக்குப் பலனும் இல்லை. பிராசஸரும் போர்டும் 2400 வரைதான் ஏற்கும் என்றால், 3200 ரேம் வாங்கினாலும் அது 2400லேயே ஓடும்.

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1600 ரேமுக்கு அது 800 என்று காட்டும். பயந்துவிட வேண்டாம். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு கடத்துவதுதான் டிடிஆர். அதனால் காட்டும் எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

ஜோடி சேர்ப்பது

பெரும்பாலான டெஸ்க்டாப்களில் பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையே இரண்டு பாதைகள் உண்டு. ஒரே ஒரு ரேம் இருந்தால் ஒரு பாதைதான் பயன்படும். ஒரே அளவுள்ள இரண்டைச் சரியான ஸ்லாட்களில் போட்டால் இரண்டு பாதைகளும் திறக்கும். இதையே டூயல் சேனல் என்கிறார்கள். எழுத்து வேலைக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் திரைக்கான வேலையும் இதே ரேமில்தான் நடக்கிறது என்பதால், வீடியோ பார்க்கும்போதும் விளையாட்டுகளிலும் பலன் தெரியும்.

ஏற்கெனவே 4 ஜிபி ஒன்று இருந்தால், அதே தலைமுறை, அதே வேகத்தில் இன்னொரு 4 ஜிபி சேர்ப்பதே குறைந்த செலவில் நிறைந்த பலன். 4உம் 8உம் சேர்த்து 12 ஜிபி ஆக்கினாலும் இன்டெல் கணினிகள் சமாளிக்கும். முதல் 8 ஜிபி இரு பாதையிலும், மீதி 4 ஜிபி ஒரு பாதையிலும் ஓடும். நிறுவனம் வேறுபட்டாலும் பெரும்பாலும் இயங்கும். ஆனால் உறுதி வேண்டுமானால் ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதை வாங்குங்கள்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் மட்டும் போடுவதென்றால், பொதுவாகப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். போர்டின் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பொருத்துவதும் சோதிப்பதும்

மின் வயரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். கேபினட்டின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கையில் உள்ள நிலை மின்சாரம் சிப்புகளைக் கெடுக்கக் கூடும். வெட்டு நேராக வருகிறதா என்று பார்த்து, இரு முனைகளிலும் சமமாக அழுத்தினால் கிளிப் 'டக்' என்று பூட்டும். பூட்டவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், மீண்டும் வெட்டைப் பாருங்கள்.

திரை வராமல் பீப் ஒலி மட்டும் வந்தால், ரேமைக் கழற்றி அதன் பொன்னிறத் தடங்களைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கணினி இயங்கிவிட்டதும் வேலை முடிந்ததென்று நினைக்க வேண்டாம். மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும், மாற்றிக்கொள்ளும் காலம் முடிவதற்குள் கடைக்கு எடுத்துச் சென்றுவிடுங்கள். கோளாறுள்ள ரேம் சேமித்த கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும்.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் இந்த ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள்: மதர்போர்டின் பெயர், ரேமின் தலைமுறை, இப்போதுள்ள ரேமின் அளவும் வேகமும், காலியாக உள்ள ஸ்லாட்கள், போர்டு ஏற்கும் உச்ச அளவு. முடிந்தால் பழைய ரேமையே கழற்றிக் கையோடு கொண்டு போங்கள்.

எங்கள் கணினி அறைக்கு இரண்டாவது முறை அப்படித்தான் போய் வந்தோம். கணினிக்கு ஒன்றாக நான்கு 4 ஜிபி டிடிஆர்3 ரேம்கள் வாங்கினோம். ஒவ்வொன்றும் பழையதோடு ஜோடி சேர்ந்துகொண்டது. 8 ஜிபியே தேவைக்குப் போதுமானதாக இருந்தது. இப்போது ஒவ்வொரு கணினியின் பக்கவாட்டிலும் அந்த ஐந்து விவரங்களையும் எழுதிய சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது.