இரண்டு பேர் "பழுது" என்றார்கள், மூன்று பேர் "மோசம்" என்றார்கள்!

நல்ல மழை பெய்திருந்தது. அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள புளோரிடா ராஜ்யத்தில் ஒருவர், தாம் விலை பேசி முன்பணமும் கொடுத்திருந்த வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போனார். பழைய சொந்தக்காரர்கள் ஏற்கெனவே காலி செய்துவிட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்தவர் திகைத்து நின்றார். ஜன்னல் சட்டத்தைச் சுற்றித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கூடத்துக் கூரையிலிருந்து தண்ணீர். விளக்குகளின் வழியாகத் தண்ணீர். சமையலறை அடுப்பிலும் தண்ணீர்!

பழைய வீடு அல்ல அது. கட்டி மூன்றே வருஷம்தான் ஆகியிருந்தது. விலை 3,10,000 டாலர்.

1982-ம் வருஷம் மே மாதம் ஒப்பந்தம் எழுதினார்கள். முதலில் 5,000 டாலர் கொடுத்தாயிற்று. அடுத்து 26,000 டாலர் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் வாங்குகிறவரின் மனைவி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் மூலையில் காரை உப்பி உரிந்திருந்தது. கூடத்திலும் சமையலறையிலும் கூரையில் கறைகள் தெரிந்தன. இவை என்ன என்று அந்த அம்மாள் கேட்டார்.

ஜன்னலில் சின்னக் கோளாறு இருந்தது, அது எப்போதோ சரியாகிவிட்டது என்றார் வீட்டுக்காரர். கறைகள் சுவர்க் காகிதம் ஒட்டிய பசையாலும், உத்தரங்களை இடம் மாற்றியதாலும் வந்தவை என்றார். கூரையில் எக்காலத்திலும் தொல்லை இருந்ததில்லை என்று அவர் சொன்னதாகவும் பிற்பாடு கோர்ட்டில் சாட்சியம் வந்தது. நம்பினார்கள்; 26,000 டாலரையும் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் அந்த மழை.

ஐந்து பேர் ஏறிய கூரை

விற்பவர் பக்கத்துத் தரகர், கூரை வேலை தெரிந்த இரண்டு பேரை அழைத்து வந்தார். அவர்கள் பார்த்துவிட்டு, "ஆயிரம் டாலருக்குள் அடைத்துவிடலாம், பிறகு சொட்டுத் தண்ணீர் இறங்காது" என்கிற மாதிரி அபிப்பிராயம் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் மூன்று பேரை ஏற்றிப் பார்த்தார்கள். கூரை அடியோடு கோளாறானது, அது சரிந்துகொண்டிருக்கிறது, எந்தப் பழுது பார்த்தாலும் கொஞ்ச நாளைக்குத்தான், புதிதாகவே போட வேண்டும், 15,000 டாலர் ஆகும் என்றார்கள் இந்த மூவரும்.

ஒரே கூரை. ஏறிப் பார்த்தவர்கள் ஐந்து பேரும் அதே தொழில்காரர்கள். ஆனால் கணக்கில் பதினைந்து மடங்கு வித்தியாசம்!

வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. முன்பணத்தைத் திருப்பிக் கொடு என்றார்கள் வாங்கியவர்கள். முன்பணம் எங்களுக்கே சேர வேண்டும் என்று எதிர்வழக்காடினார்கள் விற்றவர்கள். ஒப்பந்தத்தில் கூரையைப் பற்றி ஒரு ஷரத்தும் இருந்தது. வாங்குகிறவர் தம் செலவில் கூரையைப் பரிசோதிக்கலாம். ஒழுக்கு இருந்தால் விற்கிறவர் பழுது பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அது.

1985-ல் புளோரிடா சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியது. வீட்டின் மதிப்பைப் பாதிக்கும் விஷயம் ஒன்று விற்பவருக்குத் தெரிந்திருக்கிறது, அது எளிதில் கண்ணுக்குத் தெரியாதது, வாங்குபவருக்கும் தெரியாது. அப்படியானால் அதைச் சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை என்றது கோர்ட்டு. வாயால் பொய் சொல்வதுதான் தப்பு, வாயை மூடிக்கொண்டிருப்பது தப்பல்ல என்ற பழைய நியாயம் அந்த ராஜ்யத்தில் அன்றோடு போயிற்று. கீழ்க்கோர்ட்டு 26,000 டாலரை வட்டியுடன் வாங்கியவர்களுக்கும், 5,000 டாலரை விற்றவர்களுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தது. மோசம் போனவர்களிடமிருந்து ஐயாயிரம் மட்டும் எதற்கு என்று அப்பீல் கோர்ட்டு அதையும் ரத்துச் செய்திருந்தது. சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்றுக்கொண்டது.

ஆனால் தலைமை நீதிபதியே இதற்கு மாறாக எழுதினார். இப்படியே போனால் வீட்டை விற்கிறவர் அந்த வீட்டுக்கு ஜாமீன்தாரர் ஆகிவிடுவார் என்பது அவர் கவலை. அந்தக் கவலையையும் தள்ளிவிட முடியாது. அதற்குப் பிறகு வருவோம்.

கரையான் தின்ற வீடு

பழைய நியாயம் எவ்வளவு கடுமையானது என்பதற்கு மசாசூசெட்ஸ் ராஜ்யத்து வழக்கு ஒன்று உண்டு. 1938-ல் ஒருவர் ஒரு சேமிப்பு வங்கியிடமிருந்து வீடு வாங்கினார். குடியிருந்து இரண்டு வருஷம் ஆன பிறகு, வீடு பூராவும் கரையான் என்று தெரிந்தது. விற்கும்போதே வங்கிக்கு இது தெரியும் என்று வழக்குப் போட்டார். தெரிந்திருந்தாலும் பரவாயில்லை, அது பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று 1942-ல் வழக்கு தள்ளுபடி ஆயிற்று. வாங்குகிறவன்தான் கண்ணை விழித்துப் பார்க்க வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. பழைய வீடுகளைப் பொறுத்தமட்டில் அலபாமா ராஜ்யம் இன்றும் அந்த விதியையே வைத்துக்கொண்டிருக்கிறது.

சிக்கல் எங்கே?

ஒழுகும் கூரையை மறைத்தவர் கதை சுலபமானது. கஷ்டமான கதை வேறு. இப்போது அங்கே வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பரிசோதகரை அமர்த்துகிறார்கள். அவர் சில மணி நேரம் சுற்றிப் பார்ப்பார். சுவரை உடைத்துப் பார்க்க மாட்டார். கண்ணுக்குத் தெரிவதை எழுதுவார். "அஸ்திவாரத்தில் விரிசல்" என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்க வந்தவர் ஓடிப் போய்விடுகிறார். வீட்டுக்காரர் ஓர் இன்ஜினீயரை அழைக்கிறார். இது கான்கிரீட் காய்ந்தபோது விழுந்த மயிரிழைக் கீறல், வீட்டுக்கு ஆபத்தில்லை என்கிறார் இவர். இரண்டு பேரும் யோக்கியர்களாகவே இருக்கலாம். டெக்சஸ் போன்ற இடங்களில் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். நம் கரிசல் பூமியில் வீடு கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மண்மேல் உட்கார்ந்த வீட்டில் எந்தக் கீறல் சாது, எந்தக் கீறல் பொல்லாதது என்பதில் கெட்டிக்காரர்களே மாறுபடுவார்கள்.

அடுத்து இன்னொருவர் வாங்க வருகிறார். அவரிடம் முதல் ரிப்போர்ட்டைச் சொல்ல வேண்டுமா?

"தப்பு ரிப்போர்ட்டை நான் எதற்குச் சொல்ல வேண்டும்?" என்பார் வீட்டுக்காரர். ஒரு வதந்தி பெண்ணின் கல்யாணத்தைக் கெடுப்பது போல ஒரு தவறான காகிதம் வீட்டின் விலையைக் கெடுத்துவிடும் என்று அவர் பயப்படுகிறார். அந்தத் தலைமை நீதிபதியின் கவலை இங்கேதான் பொருந்துகிறது. சிலர் இன்னும் முன்ஜாக்கிரதையாக, "உங்கள் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்களாம். தெரியாமல் இருப்பது வேறு, தெரிந்துகொள்ளாமல் இருக்கப் பாடுபடுவது வேறு என்று இவர்களிடம் யார் சொல்வது?

எனக்குத் தோன்றுவது இதுதான். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு வீட்டுக்காரருக்கு இல்லை. ஆனால் தகராறு இருக்கிறது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். சொல்ல வேண்டிய விஷயம் அதுவே. "அஸ்திவாரம் கெட்டது" என்று அவர் எழுத வேண்டாம். "அஸ்திவாரம் உறுதியானது" என்றும் எழுத வேண்டாம். இன்ன தேதியில் இன்னார் இப்படி எழுதினார், பிறகு இன்ஜினீயர் இப்படிச் சொன்னார், நாங்கள் இன்ன வேலை செய்தோம், இதோ ரசீது என்று இரண்டு காகிதங்களையும் ஒன்றாக நீட்டிவிட்டால் அவர் பாரம் இறங்கிவிடும். டெக்சஸ் வீட்டுத் தரகர் சங்கத்துப் படிவத்தில், கடந்த 4 வருஷத்தில் வந்த பரிசோதனை ரிப்போர்ட்டுகள் உண்டா என்று விற்பவரை நேராகவே கேட்கிறார்கள். கூடவே, அவற்றை மட்டும் நம்பாதீர்கள், சொந்தமாக ஆள் வைத்துப் பாருங்கள் என்று வாங்குபவருக்கும் எழுதியிருக்கிறார்கள்.

நியூயார்க்கில் ஒரு வேடிக்கை இருந்தது. வீட்டின் நிலையை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2002-ல் சட்டம் வந்தது. ஆனால் எழுதிக் கொடுக்காவிட்டால் 500 டாலர் தள்ளுபடி கொடுத்தால் போதும் என்றும் இருந்தது. லட்சக்கணக்கில் வீடு விற்கிறவர் ஐந்நூறை வீசிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்! 2024 மார்ச்சு மாதத்திலிருந்து அந்தச் சலுகை போய்விட்டது.

நம் ஊர் சட்டம்

இதெல்லாம் அங்கே குடியேறி வீடு தேடும் நம்மவர்களுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். 1882-ம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் 55-வது பிரிவைப் பாருங்கள். சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் தெரியாத முக்கியமான குறை சொத்திலோ அதன் உரிமையிலோ இருந்து, விற்பவருக்கு அது தெரிந்திருந்தால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை அவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்றே அந்தப் பிரிவு முடிகிறது.

நாம் பத்திரத்தை வக்கீலிடம் கொடுக்கிறோம், வில்லங்கம் பார்க்கிறோம், வாஸ்துவும் பார்க்கிறோம். என் நண்பர் ஒருவர் போன வருஷம் பழைய வீடு வாங்கியபோது இவை எல்லாவற்றையும் செய்தார். மொட்டைமாடிக்கு ஒரு கொத்தனாரை ஏற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அதுதான் புதுச் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருந்ததே" என்றார்.