துகள் தேடலும் பகிர்ந்த கணிப்பும்

கண்ணுக்குப் புலனாகாத பொருளைக் கருத்தால் அளந்தறிய முனைவது மனித இனத்தின் தொன்மையான வேட்கையாகும். பொருளைப் பகுத்தால் அணு. அணுவின் நடுவே கரு. கருவினுள் புரோட்டானும் நியூட்ரானும். அவற்றினுள் குவார்க்குகள் என அத்தேடல் வளர்ந்து வந்துள்ளது. இதனை ஆராயும் துறையே துகள் இயற்பியல். தனியொருவர் அறிவால் முடியாத இப்பணி பலர் கூடிப் பகிர்ந்து செய்யும் பணியாக மாறிய வரலாற்றையும், அதில் நம் பகுதிக்குரிய இடத்தையும் ஈண்டுக் காண்போம்.

கோலார்ச் சுரங்கத்தில்

தமிழ்த் தொழிலாளர் பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயல், துகள் ஆராய்ச்சியிலும் தடம் பதித்த இடமாகும். நியூட்ரினோ என்னும் துகள் மின்னூட்டமற்றது. எப்பொருளோடும் எளிதில் வினைபுரியாதது. நிலவுலகையே ஊடுருவிச் செல்ல வல்லது. பிற அண்டக்கதிர்த் துகள்களின் ஆரவாரத்திற்கிடையே அதன் மெல்லிய சுவட்டைக் காண்பது அரிது. ஆகவே, பாறையையே வடிகட்டியாகக் கொண்டனர் அறிஞர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன் முதலியோர், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாருடனும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருடனும் இணைந்து, ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவினர். 1965இல், வளிமண்டலத்தில் தோன்றிய நியூட்ரினோவின் சுவட்டைக் கண்டறிந்தனர். அன்று கிடைத்தவை விரல்விட்டு எண்ணத்தக்க நிகழ்வுகளே. அவற்றை ஆராய ஒரு குழுவே போதுமானதாயிற்று.

விடைத்தாள் திருத்துவது போல

பின்னர் நிலை மாறியது. ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான் கற்றைகள் எதிரெதிரே செலுத்தப்பட்டு மோதவிடப்படுகின்றன. வளையம் முழுவீச்சில் இயங்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 100 கோடி மோதல்கள் நிகழும். அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கருவிகளே அப்பொழுதே கழித்துவிடுகின்றன. எஞ்சியவையும் எந்த ஒரு கணிப்பொறி நிலையத்திற்கும் அடங்காதவை. 2012 ஜூலை 4ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகள், சுமார் 100 கோடி மோதல்களில் ஒன்றில் தோன்றுவது என்றால், தேடலின் அருமை விளங்கும்.

இதற்குக் கண்ட வழியே பகிர்ந்த கணிப்பு. பல்கலைக்கழகத் தேர்வின் விடைத்தாள்களை ஒருவரே திருத்துவதில்லை. கட்டுக்கட்டாகப் பிரித்துப் பேராசிரியர் பலரிடம் அளிக்கின்றனர். ஒரு மாணவரின் தாளைத் திருத்த மற்றொருவரின் தாள் வேண்டுவதில்லை. ஆனால் விடைக்குறிப்பு அனைவர்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அவ்வாறே ஒரு மோதலின் ஆய்வு மற்றொரு மோதலைச் சார்ந்ததன்று. ஆதலின் தரவுகளைப் பிரித்து, ஒரே மென்பொருளைக் கொண்டு, பல நாட்டுக் கணிப்பொறிகள் ஒரே வேளையில் ஆராய இயலுகிறது.

முல்லைப் பெரியாற்று நீர் வைகை அணையில் தேங்கி, நிலக்கோட்டைப் பகுதியிலுள்ள பேரணையில் பிரிந்து, கால்வாய்வழிக் கண்மாய்களை அடைவதை நாம் அறிவோம். இத்தரவுகளும் ஜெனீவாவிலிருந்து பெருநிலையங்கட்கும், அங்கிருந்து அடுத்த படியிலுள்ள நிலையங்கட்கும் பாய்கின்றன. 40க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 170 நிலையங்கள் இப்பிணையத்தில் அமைந்துள்ளன. மும்பையிலும் கொல்கத்தாவிலும் உள்ள நிலையங்கள் இந்தியாவின் பங்காகும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் இப்பிணையத்தைக் கண்காணிக்கும் மென்பொருளை ஆக்குவதில் பங்கேற்றனர். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: நீர் பகிரப் பகிரக் குறையும், தரவோ படியெடுக்கப்பட்டு, குறையாமல் பெருகும்.

நம் அண்டையில்

கோலாரின் வழித்தோன்றலாகத் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் மைய அரசு ஒப்புதல் அளித்தது. மலைக்கு யாதாகும், நீரூற்றுக்கு யாதாகும், அணைகட்கு ஊறு நேருமோ என்னும் வினாக்களை மக்கள் எழுப்பினர். வழக்குகள் தொடர்ந்தன, 2022இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. 50,000 டன் இரும்பால் அமைய இருந்த பெருங்கருவி எழவில்லை. அதன் முன்மாதிரியாக 85 டன் எடையுள்ள சிறுகருவி ஒன்று மதுரையில் 2018இல் இயக்கி வைக்கப்பட்டது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின் ஒன்று தெளிவாகிறது. மோதல் தரவுகளைக் கண்டம் கடந்து பகிரக் கற்ற அறிவியல், தன் நோக்கத்தையும் அதனால் நேரக்கூடிய இடரையும் மலையடிவாரத்து உழவருடன் அவர்தம் மொழியில், தொடக்கத்திலேயே பகிர்ந்துகொள்ளவும் கற்க வேண்டும். ஐயத்தை அறியாமை என்று தள்ளுவது அறிவுடைமை ஆகாது. விளக்கம் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.

அவ்விளக்கத்தை அளிக்கும் பொறுப்பில் தமிழ் பயில்வோர்க்கும் பங்குண்டு. செர்ன் ஆய்வகம் 2014 முதல் தன் மோதல் தரவுகளில் ஒரு பகுதியை எவரும் பார்க்கத் திறந்து வைத்துள்ளது. திண்டுக்கல்லில் பயிலும் இயற்பியல் மாணவர் ஒருவர், ஜெனீவா செல்லாமலே, மெய்யான மோதல் ஒன்றைத் தம் கணிப்பொறியில் ஆராயலாம். அவர் கண்டதை அடுத்த வகுப்பறையிலிருக்கும் தமிழ் மாணவர் கேட்டறிந்து, எளிய சொற்களில் ஊரார்க்கு உரைப்பாராயின், பகிர்ந்த கணிப்பு பகிர்ந்த அறிவாக மலரும். அம்முயற்சி நம் கல்லூரி வளாகத்திலேயே தொடங்கட்டும்!