வெள்ளைச் சோறும் தேகாரோக்கியமும்

சோறு வெண்மையாயிருப்பதே மேன்மை என்று அநேகர் கருதுகின்றனர். இது சரியன்று. நெல்லின் உமிக்கடியிலுள்ள தவிட்டிலும் முளையிலுமே தயாமின் என்னும் ஜீவசத்து பெரும்பாலும் அடங்கியுள்ளது. அரிசியை மிகுதியாகத் தீட்டினால், அச்சத்து தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகிறது. அது குறைந்தால் கால் மரத்தல், வீக்கம், இருதய பலவீனம் இவற்றோடு கூடிய பெரிபெரி நோய் உண்டாகும்.

ஜாவாவில் ஐக்மன் என்னும் வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுந்ததையும், தவிடு நீங்காத அரிசியால் அவை தேறியதையும் 1890-களில் கண்டார். 1930-களில் சென்னை மாகாணத்திலும் இந்நோய், தீட்டிய பச்சரிசியுண்ட வட சர்க்கார் ஜில்லாக்களில் காணப்பட்டது. புழுங்கலரிசியுண்ட தமிழ் ஜில்லாக்களில் அரிதாயிருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம்.

ஆகையால், புழுங்கலரிசியோ கைக்குத்தலரிசியோ உண்பதே நலம். பின்னது சீக்கிரம் கெடுமாதலால், சிறுகச் சிறுகக் குத்திக்கொள்ள வேண்டும். பலமுறை கழுவலாகாது, வடித்த கஞ்சியையும் கொட்டலாகாது.

அரிசி ஒன்றே போதாது. ஒருவேளை கேழ்வரகு உண்டால் சுண்ணாம்புச் சத்து கிட்டும். பருப்பு, பயறு, மோர் தசைக்கு உரமாம். முருங்கைக்கீரை குழந்தைகளை மாலைக்கண்ணினின்று காக்க உதவும்.

நோய் வந்தபின் கடன் வாங்கி வைத்தியம் செய்வதினும், கொல்லையில் ஒரு முருங்கைக் கொம்பை நட்டுவைப்பது சுலபமன்றோ?